சல்வாவுக்காக அழுதவர்கள்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் ஆண்டுப் பலி. ஜேர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்தில் எங்கள் ஆட்களுக்கு மாதத்தில் ஒரு தடவைதான் தமிழில் பூசை. அது அம்மா செத்த திகதிக்குப் பக்கத்தில் வருவது அபூர்வம். இந்த முறை வந்தது. சாமியார் அம்மாவின் பெயரை வாசித்தார். எல்லோரும் முழந்தாளில் நின்றார்கள். நானும் நின்றேன். நின்றபடி, குவைத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு நாசம் வரவேண்டும் என்று மன்றாடினேன்.

பாவம் என்று தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும் இருக்கிறேன். மன்னித்துவிடச் சொன்னார் சாமியார். "ஓம் சாமி" என்றேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே மறுபடி தொடங்கிவிட்டேன்.

இருபது வருடமாக இப்படித்தான். ஆனால் இந்த வருடம் மன்றாடும்போது நெஞ்சுக்குள் கொஞ்சம் குளிர்ந்து இருந்தது. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்புதான் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அதைத்தான் ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதத் தொடங்கினால் பயம் வந்துவிடும். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் எழும்பிப் பார்க்கிற ஆள். இதையும் மூன்று தரம் படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

2

பத்தொன்பது வயதில் மன்னாரில் இருந்து குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனேன். விமான நிலையத்தில் வீட்டுக்காரி நின்றாள். சல்வா என்று பெயர். என்னைப் பார்த்து "மேரி" என்றாள். "றீற்றா" என்றேன். "மேரி" என்றாள். எனக்கு முன்னால் அங்கே வேலை செய்தவளின் பெயராம். கையை நீட்டிப் பாஸ்போட்டை வாங்கிக் கைப்பைக்குள் போட்டாள்.

அம்மாவுக்கு நான் எழுதும் கடிதங்களையும் அவளிடம்தான் கொடுப்பேன். வெளியே போக எனக்கு அனுமதி இல்லை. "போட்டாச்சா?" என்று கேட்டால், "போட்டாச்சு" என்பாள்.

நோன்பு முடிந்த ஒரு நாள், தன் அலமாரி இழுப்பறைகளைத் துடைக்கச் சொன்னாள். மூன்றாவது இழுப்பறையில் தலைக் கிளிப்புகளுக்கு அடியில் ஒரு தந்தி கிடந்தது. என் பெயருக்கு வந்தது. ஆங்கிலம். முதல் சொல் 'மதர்', வாசித்துவிட்டேன். இரண்டாவது 'எக்ஸ்பயர்ட்'. அந்தச் சொல்லையும் எனக்குத் தெரியும். குசினியில் பால்மா டின்களின் அடியைப் பார்த்து, திகதி கடந்தவற்றை எடுத்து எறிவது என் வேலை. அம்மாவுக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கண்டேன். தந்தியில் இருந்த திகதியைப் பார்த்தேன். எட்டுக் கிழமை, இரண்டு மாதத்துக்குக் கிட்ட, கடந்திருந்தது.

தந்திக்குக் கீழே என் கடிதங்கள் மூன்று. "அம்மா, கால் வீக்கம் வற்றிவிட்டதா?" என்று அம்மாவை அடக்கம் செய்த பிறகு நான் எழுதியவை.

நான் தந்தியைத் தூக்கிக் காட்டினேன். சல்வா நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். "நோன்பு வந்தது. வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். சொன்னால் நீ அழுவாய், யார் சமைக்கிறது? அவளை எப்படியும் புதைத்திருப்பார்கள்தானே" என்றாள். பிறகு இழுப்பறையை மூடிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னாள்.

துடைத்தேன். எனக்கு இன்றைக்கும் ஆறாத இடம் அதுதான். நான் துடைத்தேன்.

இதை வாசித்துவிட்டு, அரபுப் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் என்று யாரும் சொல்லித் திரியவேண்டாம். அடுத்த வீட்டுக் கிழவி, விசயம் கேள்விப்பட்டு, பின்பக்க மதிலால் இரண்டு நாள் சூப் எட்டித் தந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் என் அம்மாவுக்காக ஓதினாள். என் வன்மம் ஒரே ஒரு ஆளோடுதான்.

3

பிறகு ஊருக்கு வந்து, கலியாணம் பேசி, ஜேர்மனிக்கு வந்து, இவ்வளவு காலம். காலை ஐந்து மணிக்கு நான் ஒரு துப்புரவுக் கொம்பனியின் நீல மேலாடையோடு, நகரத்தில் உள்ள ஒரு பண்பாட்டு மண்டபத்தைத் துடைப்பேன். அதன் இரண்டாம் மாடியில் ஓவியருக்கென்று ஒரு அறை. போன வருடம் அந்த அறைக்கு ஹனான் வந்தாள். பாக்தாத் பெண். ஐம்பது வயதுக்குக் கிட்ட. விடியும்போது வருகிற வெளிச்சம் வேண்டுமென்று எனக்கு முன்பே வந்து இருப்பாள்.

எனக்குத் தெரிந்த அரபு முழுவதும் கட்டளை. கொண்டு வா, கழுவு, கெதியாகச் செய், வாயை மூடு. நான் கேட்டதெல்லாம் அதுதான், ஆகவே பேசுவதும் அதுதான். முதல் நாள் அவளிடம், "எழும்பு! காலைத் தூக்கு!" என்றேன். மேசைக்குக் கீழே துடைக்கத்தான். ஹனான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நாங்கள் அரபும் ஜேர்மனும் கலந்து பேசியதை என்னுடைய தமிழில் எழுதுகிறேன்.

"எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சனீர் இந்த அரபை?"

"குவைத்தில. கையில விளக்குமாறோட."

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றினாள். எனக்குக் கதிரையில் இருக்கப் பயம். மேற்பார்வைக்காரன் வந்தால்? "வேலை முடிஞ்சுதோ?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன். "அப்ப இரும்." இருந்தேன், கதிரையின் நுனியில்.

அவள் கீறுவது நீர்வண்ணத்தில். பலகையில் தாளை ஒட்டி, தண்ணீர் பூசி, ஈரம் காயும் முன்பு நிறத்தைத் தொடுவாள். நிறம் தன்பாட்டில் ஓடும். பலகையைச் சரித்து அதற்கு வழி காட்டுவாள். எல்லாம் பெண்கள். கைக்கு மருதோன்றி வைத்த கலியாணப்பெண், விரலைப் பாவிக்க முடியாமல் மூக்கைத் தோளில் உரஞ்சிக்கொண்டு இருப்பாள். பஸ்ஸில் இரண்டு பேர் சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். ஒரு ஆசிரியை விளக்கு வெளிச்சத்தில் கொப்பி திருத்துவாள். இங்கே பத்திரிகையில் அரபுப் பெண் என்றால் ஒரு கறுப்புத் துணி, அதில் இரண்டு கண். அந்தத் துணிக்குள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்டத்தான் ஹனான் பாடுபட்டாள். அதை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

இந்த வருட மே மாதம் அந்த மண்டபத்தில் அவளுக்குக் கண்காட்சி. பன்னிரண்டு படம் வேண்டும். பதினொன்று இருந்தது.

"உம்மட குவைத்து வீட்டுக்காரியைச் சொல்லும். நான் கீறுறன்" என்றாள் ஒரு வெள்ளிக்கிழமை.

சல்வாவை என்னால் வழக்குப் போட்டுக் கோட்டுக்கு இழுக்க ஏலாது. அவள் வீட்டு வாசலில் போய் நின்று கத்த ஏலாது. ஆனால் அவள் முகத்தை ஒரு சுவரில் தொங்கவிட்டு, விளக்கும் போட்டு, ஊர்ச் சனம் பார்த்துத் துப்பச் செய்யலாம். ஐந்து வெள்ளிக்கிழமை, வேலை முடிய மேலே போய் அந்த முகத்தைத் துண்டு துண்டாகக் கொடுத்தேன். "மூக்கு இன்னும் கூர். கீழுதடு தடிப்பு. இல்லை, இது நல்ல மனிசியின்ர வாய், அழியும்." ஹனான் ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி போடுவாள். இடது கண்ணுக்குக் கீழே மிளகு போல ஒரு மச்சம். கடைசியாகக் கண்கள். அவை தாளில் வந்ததும் நான் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன். யாரும் சொல்லவில்லை. கால் தானாக எழும்பியது.

"இவதான்" என்றேன்.

தந்திக் கதையை அவளுக்கு மூன்று தரம் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவள் தலையைக் குனிந்தபடி கேட்டாள். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னேன். சல்வாவின் புருசன் இரண்டாம் தாரம் கட்டிய அன்று, அவள் குளியலறைத் தரையில் இருந்து, சத்தம் வெளியே வராமல் துவாயை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுததைக் கதவு இடுக்கால் பார்த்தேன். எனக்கு அன்றைக்குச் சரியான சந்தோசம். ஹனானும் சந்தோசப்படட்டும் என்றுதான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. தூரிகையைக் கீழே வைத்தாள்.

"துவாய் என்ன நிறம்?"

"பச்சை" என்றேன். என் வாய்க்குப் பூட்டு இல்லை.

4

படங்களைச் சுவரில் மாட்டிய புதன்கிழமை காலையில்தான் பன்னிரண்டாவதை முழுசாகப் பார்த்தேன். அதுவரை ஹனான் துணி போட்டு மூடி வைத்திருந்தாள்.

வெளிர்நீல ஓடு பதித்த தரை. மூலையில் சல்வா. அதே மூக்கு, அதே மச்சம், நான் கொடுத்த கண்கள். வாயில் பச்சைத் துவாய். குழாயில் இருந்து ஒரு சொட்டு விழப் பார்க்கிறது. கீழே அட்டையில் தலைப்பு: 'கைவிடப்பட்டவள்'.

உண்மையைச் சொன்னால், அவ்வளவு வடிவான படம் அந்த மண்டபத்தில் வேறொன்றும் இல்லை. வாளியைப் படியில் விட்டுவிட்டு மேலே ஓடினேன்.

"என்ன செய்து வைச்சிருக்கிறீர்? தந்தி எங்க? என்ர கடிதங்கள் எங்க?"

"றீற்றா, இரும்."

"இருக்க ஏலாது. நான் தந்தது ஒரு பேயை. நீர் அதுக்குத் தேவமாதாவின்ர முகத்தைக் குடுத்திருக்கிறீர்."

"நான் முகத்தை மாத்தேல்லை. நீர் சொன்ன முகம்தான். அவவும் ஒரு பொம்பிளை. அவவுக்கும் ஒருத்தன் அநியாயம் செய்தவன்."

"அவன் அவவுக்குச் செய்ததுக்கு நானா பொறுப்பு? என்ர அம்மாவா பொறுப்பு?"

ஹனான் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள். "இஞ்ச பாரும். ஒரு அரபுப் பெண் வேலைக்காரியை வதைக்கிறதைக் கீறினா, இந்தச் சனம் என்ன சொல்லும்? 'பாத்தியா, நாங்கள் சொன்னோமே' எண்டு சொல்லும். ரெயிலில என்ர முக்காட்டைப் பாத்துக் கதிரை மாறி இருக்கிற சனம் இது. அதுகளின்ர கையில நான் கல்லை எடுத்துக் குடுக்கமாட்டன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது. "அப்ப உங்கட மானத்துக்காக என்ர அம்மா இன்னொருதரம் இழுப்பறைக்குள்ள போகவேணுமோ?" என்று கேட்டேன். எனக்கு அதற்குமேல் அரபு இல்லை.

கீழே இறங்கி வந்தேன். மண்டபக் கந்தோரில் வேலை செய்யும் பெண் அந்தப் படத்தின் முன்னால் நின்றாள். நல்ல மனிசி, எனக்கு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சொக்லேற் தருகிறவள். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், பாவம் இந்தப் பெண்" என்றாள் என்னிடம்.

என் அம்மாவுக்காக ஜேர்மனியில் யாரும் அழுததில்லை. சல்வாவுக்கு முதல் நாளே ஒருத்தி அழுதாயிற்று. வெள்ளிக்கிழமை காலைக்குள், மண்டபத்தில் வேலை செய்பவர்களில் மட்டும், அது நான்கு பேர் ஆனது. துடைத்துக்கொண்டே எண்ணினேன்.

5

எங்கள் வீட்டில் அப்போது இன்னொரு தலையிடி. ஜேர்மன் பிரசாவுரிமைக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டு ஒரு வருடம். அரசாங்கக் கந்தோர் நாள் குறித்துக் கூப்பிட்ட மூன்று டெர்மின் முடிந்திருந்தது. ஒவ்வொரு டெர்மினுக்கும் ஒரு கடிதம் குறையும். கொண்டுபோனால் வேறொன்று குறையும். எல்லாப் பிரதியையும் ஒரு பிளாஸ்டிக் கோவைக்குள் போட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இந்த நேரத்தில் ஏதும் குழப்படி செய்து, கொம்பனி வேலையால் நிற்பாட்டினால், சம்பளக் கடிதம் இல்லை. சம்பளக் கடிதம் இல்லாவிட்டால் பாஸ்போட் இல்லை.

என் புருசனிடம் படத்தைப் பற்றிச் சொன்னேன். "உமக்கு விசரே? கடவுச்சீட்டு வரப்போற நேரத்தில ஒரு படத்தோட சண்டைக்குப் போறீர்" என்றார். சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது எனக்குச் சரியென்றுதான் பட்டது. இருந்தும் மேசையில் போய் இருந்து, ஜேர்மனில் எழுதத் தொடங்கினேன். ஒன்பது வரி. இரண்டு மணித்தியாலம். பிறகு மகளைக் கூப்பிட்டேன்.

செரினுக்குப் பதினாறு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் ஜேர்மனில் பதில் வரும். அவளுடைய பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு நான் போவது அவளுக்கு விருப்பமில்லை. நான் வாயைத் திறந்தால் அவள் சப்பாத்தைப் பார்ப்பாள்.

"பிள்ளை, இதில பிழை இருந்தாத் திருத்தித் தா."

"இப்பவா? அம்மா, எனக்கு நாளைக்குச் சோதனை." பார்த்தாள். "ஐயோ, முதல் வரியிலயே நாலு பிழை."

பேனையை எடுத்துக்கொண்டு வந்து திருத்தினாள். நாலாம் வரியில் பேனை நின்றது. கீழே வரை வாசித்தாள். திரும்ப மேலே போனாள்.

"இது ஆர்?"

"நான்தான்."

"நீங்கள் குவைத்தில இருந்தனீங்களா?"

"ஓம்."

"அம்மம்மா வருத்தம் வந்து செத்தவ எண்டுதானே சொன்னனீங்கள்?"

"வருத்தம் வந்துதான் செத்தவ. எனக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை."

செரின் அழுவாள் என்று பயந்தேன். அவள் என்னைப் போல இல்லை. "இதில 'அந்தப் பெண் நல்லவர் இல்லை' எண்டு எழுதியிருக்கிறீங்கள்," என்றாள். "உது காணாது. உதை வெட்டுறன். அவ சொன்னதை அப்பிடியே எழுதுவம். 'எப்படியும் புதைத்திருப்பார்கள்.' வாசிக்கிறவைக்கு அது காணும்."

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு, பழிவாங்கவும் படிப்பு வேண்டும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

6

சனிக்கிழமை பின்னேரம் திறப்பு விழா. காலை ஐந்து மணிக்கு வழமைபோலத் துடைத்தேன். பிறகு செரின் திருத்தியதை எழுதி மேலாடைப் பைக்குள் வைத்திருந்த அட்டையை எடுத்து, சல்வாவின் படத்துக்குப் பக்கத்தில், கண் மட்டத்துக்கு ஒட்டினேன். கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது. இழுத்தால் சுவர்ப்பூச்சும் சேர்ந்து வந்துவிடும் என்று பயந்து அப்படியே விட்டேன்.

பின்னேரம் சேலை கட்டிக்கொண்டு செரினோடு போனேன். கையில் நூறு உழுந்து வடை. இந்த ஊரில் எந்த விழா என்றாலும் தமிழாட்கள் வடையும் ரோல்ஸும் கொண்டுவரவேண்டும் என்பது எழுதாத சட்டம். பழிவாங்கப் போகும்போதும் வடை சுட்டுக்கொண்டுதான் போனேன், என்ன செய்வது.

கந்தோர்ப் பெண் தன் புருசனைக் கையில் பிடித்து நேரே சல்வாவிடம் கூட்டி வந்தாள், அவருக்கும் காட்டி அழ. அவர் அட்டையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார். அதில் இருந்தது இதுதான்:

'இந்தப் பெண்ணின் பெயர் சல்வா. நான் இவர் வீட்டில் மூன்று வருடம் வேலை செய்தேன். என் தாய் இறந்த செய்தி தந்தியில் வந்தது. அதை இவர் எட்டுக் கிழமை தன் இழுப்பறையில் வைத்திருந்தார். நான் என் தாய்க்கு எழுதிய கடிதங்களையும் அங்கேயே வைத்தார். ஏன் என்று கேட்டேன். "எப்படியும் புதைத்திருப்பார்கள்" என்றார். இவர் அழுதது உண்மை. அதை நான் பார்த்தேன். றீற்றா, இந்த மண்டபத்தைத் துடைப்பவர்.'

கந்தோர்ப் பெண்ணின் கையில் கைக்குட்டை தயாராக இருந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். படத்தை இன்னொரு தரம் பார்க்கவில்லை. கலியாணப்பெண் படத்துக்குப் போய்விட்டாள். பிறகு வந்தவர்களும் அப்படியே. முதலில் படம், முகம் இளகும். பிறகு அட்டை, முகம் இறுகும். நான் எதிரே தூணோடு நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தண்ணீர் விடாய்த்தவன் குடிப்பது போலக் குடித்தேன்.

ஹனான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வாசித்தாள். என்னைத் தேடிப் பிடித்தாள்.

"இதைக் கழட்டும்."

"ஏலாது."

"றீற்றா, இது என்ர படம்."

"அது என்ர அம்மா."

"உமக்கு நான் கதிரை தந்தன். தேத்தண்ணி தந்தன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டனான். புதன்கிழமை. கதவைச் சாத்திப்போட்டுத்தான் பதில் சொன்னனீர்."

அவள் அட்டையில் கை வைத்தாள். அதற்குள் செரின் இடையில் வந்து நின்றாள், அட்டைக்கு முதுகைக் கொடுத்து. நான் அவளை அங்கே நிற்கச் சொல்லவில்லை. ஜேர்மனில், மரியாதையாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "இதில் ஒரு வரியாவது பொய் என்றால் சொல்லுங்கள், நானே கழற்றுகிறேன்" என்றாள்.

ஹனான் நின்றாள். பிறகு கையை எடுத்து, படத்தின் கீழே இருந்த தன்னுடைய தலைப்பு அட்டையைக் கழற்றினாள். 'கைவிடப்பட்டவள்' என்ற அந்தத் துண்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மேலே போனாள். என் அட்டை நின்றது.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. விடிய நான் போனால் அறை உள்ளே பூட்டியிருக்கும். ஒரு கிழமைக்குப் பிறகு கொம்பனியும் என்னை ஒரு பல் வைத்தியரிடம் துடைக்க மாற்றிவிட்டது. காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அன்ட்ராக்கின் முடிவு இன்னும் வரவில்லை. தபால்பெட்டியை நாளுக்கு நாலு தரம் திறந்து பார்க்கிறேன். ஹனானை இழந்ததற்கு வருந்துகிறேன். அவள் கெட்டவள் இல்லை. அவளுடைய பதினொரு படங்களையும் யாராவது குறை சொன்னால் நான் அவர்களோடும் சண்டைக்குப் போவேன்.

சல்வாவுக்காக நான் வருந்தவில்லை. வருந்தப்போவதும் இல்லை.

இதை வாசிக்கிற பிள்ளைகளில் சிலர் இந்த வருடமும் குவைத்துக்குப் போவீர்கள், தெரியும். ஒருவேளை அவள் வீட்டுக்கே போகலாம். இப்போது அறுபது தாண்டியிருப்பாள். நடக்கும்போது வலது காலைக் கொஞ்சம் இழுப்பாள். உங்கள் கடிதம் எதையும் அவள் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவளுக்குச் சோறு போடுங்கள், கால் பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள். நல்ல நேரமாகப் பார்த்து இதை மட்டும் சொல்லுங்கள்: "ஜேர்மனியில ஒரு ஊரில மூன்று நாள் உங்களுக்காகச் சனம் அழுததாம். நாலாம் நாள் றீற்றா அதை நிற்பாட்டிப்போட்டாவாம்."